ஆளறிந்து விற்கும் கடை: பெயரற்று வாங்குதலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

என் தாத்தா பலசரக்குக் கடைக்குப் போய்வந்த கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்று. ஊருக்குள் ஒரே கடை. பலகைக்கு ஐந்தடி தள்ளித் தெருவில் நின்றுதான் சாமான் கேட்க வேண்டும். காசைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். துண்டை விரித்துப் பிடித்தால் பொட்டலம் மேலிருந்து விழும். இதெல்லாம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. எனக்குப் புதிதாக இருந்தது தாத்தா சொன்ன இன்னொரு விஷயம். "நம்ம வீட்டுக்கு என்ன வேணும்னு நம்மள விட மொதலாளிக்கு நல்லாத் தெரியும்யா. நான் வாயத் தொறக்க முன்னாலயே நொய்யரிசியும் பொகையிலையும் கட்ட ஆரம்பிச்சிருவாரு." கல்யாணமான புதிதில் ஒருதடவை வாசனைச் சோப்புக் கேட்டிருக்கிறார். "ஒனக்கெதுக்குடா இது" என்று சிரித்துவிட்டு, துணி துவைக்கிற பார் சோப்பில் ஒரு துண்டு வெட்டிப் போட்டாராம் கடைக்காரர். வாசனைச் சோப்பு கண்ணெதிரே அலமாரியில்தான் இருந்தது. ஆனால் தாத்தாவுக்கான கடையில் அது இல்லை.

அதற்குப் பிறகு அவர் வாரச்சந்தைக்கு நடந்தே போக ஆரம்பித்தார். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய வீடு திரும்பலாம். "சந்தையில நம்ம மூஞ்சி யாருக்குத் தெரியும்? காசக் குடுத்தா சாமான். அவ்வளவுதான்." இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லில் இருந்த சந்தோஷத்தை நான் பல வருஷம் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தது ஒரு செல்போன் திரை. இணையக் கடை ஒன்றில் நானும் நண்பர் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 'சட்டை' என்று ஒரே சொல்லைத் தட்டினோம். அவருக்கு ஒரு வரிசை, எனக்கு வேறொரு வரிசை. எனக்கு வந்ததெல்லாம் மலிவுச் சரக்கு. அதற்கு முந்தின மாதம் அவசரத்துக்கு மலிவான சட்டை ஒன்று வாங்கியிருந்தேன். மேலே என் பெயரைப் போட்டு 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்றிருந்தது. நொய்யரிசி கட்டும் கை ஞாபகத்துக்கு வந்தது.

வாங்குபவரின் விருப்பத்தை அறிந்து அவருக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இணையக் கடை, கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படி உருவானது என்பதை வாசிக்கும் முயற்சி இது. வாசிப்பவனின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைக்கு நம்மைத் தெரிந்திருப்பது இயல்பாகவே நல்லது என்ற நம்பிக்கை எல்லோருடைய அனுபவத்திலிருந்தும் வந்ததல்ல. கடைக்கு நம்மைத் தெரியாமலிருப்பது ஒரு காலத்தில் போராடியும் நடந்தும் பெற்ற விடுதலை.

2

'ஒருவருக்கு ஒருவர்' என்ற வணிகச் சொல்லாடல் இணையக் கடைக்கு முன்பே பிறந்துவிட்டது. டான் பெப்பர்ஸ், மார்த்தா ராஜர்ஸ் இருவரும் 1993ல் அமெரிக்காவில் வெளியிட்ட 'ஒன் டு ஒன் ஃபியூச்சர்' என்ற நூல் இதன் மூலப்பிரதிகளில் ஒன்று. எல்லோருக்கும் ஒரே சரக்கை விற்கும் காலம் முடிந்தது, இனி ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனித்தனியாக அறிந்து விற்க வேண்டும் என்பது அதன் வாதம். இந்தச் சொல்லாடல் திரும்பத் திரும்பத் துணைக்கழைக்கும் புனைவு ஒன்று உண்டு. தெருமுனையில் இருந்த பழைய கடை, உங்கள் பெயரையும் குழந்தையின் வயதையும் தெரிந்து வைத்திருந்த அன்பான கடைக்காரர். பெரிய அங்காடிகள் வந்து அந்த உறவை அழித்துவிட்டன, கம்ப்யூட்டர் அதை மீட்டுத் தரும் என்பதாகக் கதை போகும்.

இது யாருடைய ஏக்கம்? கடைக்காரர் யாருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாரோ அவர்களுடைய ஏக்கம்.

அந்த உறவை அழித்ததாகச் சொல்லப்படும் அமைப்பின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். பாரிஸில் அரிஸ்தித் பூசிகோ 1852ல் 'போன் மார்ஷே' கடையில் பங்குதாரராகச் சேர்ந்து, அதை உலகின் முன்னோடிப் பேரங்காடிகளில் ஒன்றாக வளர்த்தார். எமிலி ஸோலா 1883ல் எழுதிய நாவலுக்கு முன்மாதிரி அந்தக் கடைதான். அங்கே மூன்று காரியங்கள் நடந்தன. பொருளின் மேல் விலை எழுதி ஒட்டப்பட்டது. வாங்காவிட்டாலும் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். இன்றைக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அதற்கு முன்பு கடைக்குள் நுழைந்தவரின் உடையையும் பேச்சையும் எடைபோட்டு விலை சொல்வதுதான் வழக்கம். 'ஆள் பார்த்து விலை சொல்றான்' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது. எழுதி ஒட்டிய விலை என்பது, விலை சொல்லுமுன் முகத்தைப் படிக்கும் அதிகாரத்தைக் கடைக்காரரிடமிருந்து பிடுங்கியது. பூசிகோ சமத்துவவாதி என்று நான் சொல்ல வரவில்லை. அதிகச் சரக்கை அதிக வேகத்தில் விற்கப் பேரம் இடைஞ்சலாக இருந்தது, அவ்வளவே. முதலாளியம் தன் லாபத்துக்காகச் செய்யும் காரியங்களிலும் சில கதவுகள் தவறுதலாகத் திறந்துகொள்கின்றன.

அப்படித் திறந்த கதவுகளில் முக்கியமானது அமெரிக்காவின் சியர்ஸ் கேட்லாக். ரிச்சர்ட் சியர்ஸ் 1886ல் கடிகார வியாபாரத்தில் தொடங்கியவர். 1893ல் 'சியர்ஸ், ரோபக்' என்று நிறுவனத்துக்குப் பெயரானது. தைப்பு மெஷினிலிருந்து துப்பாக்கி வரை அச்சடித்த விலையோடு தபாலில் விற்றார்கள். அதே காலம்தான் தென் மாநிலங்களில் 'ஜிம் க்ரோ' சட்டங்கள் இறுகிய காலம். 1896ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றமே இனப் பிரிவினையைச் செல்லும் என்றது. அங்கே கிராமத்துக் கடை என்பது வெள்ளையரின் கடை. கறுப்பர்கள் கடைசியில்தான் கவனிக்கப்படுவார்கள். எந்தத் தரத்துச் சரக்கு அவர்களுக்கு, எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி என்பதையெல்லாம் தீர்மானித்தது கடைக்காரர்தான். குத்தகை விவசாயியின் வரப்போகும் அறுவடையே பல சமயம் கடைக்காரரின் கணக்கு நோட்டில் அடமானமாகக் கிடந்தது. அவருக்கு வாடிக்கையாளரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை.

வரலாற்றாசிரியர் லூயி ஹைமன் 2018ல் இந்த இடத்தைத்தான் பொதுக்கவனத்துக்குக் கொண்டுவந்தார். கேட்லாகுக்கு முகம் தெரியாது. வெள்ளையர் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்து அதே பொருளைக் கறுப்பரும் வரவழைக்கலாம், வரிசையில் பின்னால் நிற்காமல். உள்ளூர்க் கடைக்காரரே அஞ்சலகப் பொறுப்பையும் வைத்திருந்ததால் ஆர்டர் கடிதத்தை அவர் அனுப்ப மறுக்கக்கூடும் என்பதும் இருந்தது. நேராகத் தபால்காரர் கையில் கொடுத்துவிடுங்கள் என்று வழி சொன்னது சியர்ஸ். உள்ளூர் வியாபாரிகள் கேட்லாகுகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். சியர்ஸும் ரோபக்கும் கறுப்பர்கள் என்ற வதந்தியும் பரப்பப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். கறுப்பர்களைக் கேலிசெய்யும் சரக்குகளும் அதே கேட்லாகில் விற்கப்பட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்துக்குப் புரட்சி நோக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் என் தாத்தாவின் வாரச்சந்தையும் அந்தக் கேட்லாகும் ஒரே காரியத்தைச் செய்தன. கடைக்காரரின் பார்வையிலிருந்து வாங்குபவரைக் கொஞ்ச நேரம் விடுவித்தன.

சியர்ஸ் தன் பெரிய கேட்லாகை 1993ல் நிறுத்தியது. அடுத்த வருஷம் வேறொரு வகைக் கடைக்கு வேர் ஊன்றப்பட்டது.

3

இந்த இடத்தில் வரலாறு நேர்க்கோட்டில் போகவில்லை. ஆளறியும் கடைக்கு இரண்டு மூலங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் எப்போதும் 'தொழில்நுட்பத்துக்கு ஆதரவா எதிர்ப்பா' என்ற முட்டுச்சந்தில் போய் நிற்கிறது.

முதல் மூலம் வாசகர்களுடையது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1992ல் 'டேப்ஸ்ட்ரி' என்ற அமைப்பைச் செய்தார்கள். குவிந்து கிடக்கும் மின்னஞ்சல்களிலும் செய்திகளிலும் எது படிக்கத் தகுந்தது என்று ஒருவர் குறித்துவைப்பார், அந்தக் குறிப்பு அடுத்தவருக்குப் பயன்படும். 'கூட்டு வடிகட்டல்' என்ற சொல் அங்கே பிறந்தது. 1994ல் 'குரூப்லென்ஸ்' வந்தது. யூஸ்நெட் விவாதக் குழுக்களின் பதிவுகளுக்கு வாசகர்கள் மதிப்பெண் போடுவார்கள். உங்களைப் போலவே மதிப்பெண் போடுகிறவர்கள் யார் என்று கண்டுபிடித்து, அவர்களுக்குப் பிடித்த, நீங்கள் இன்னும் படிக்காத ஒன்றைக் கணிப்பொறி உங்களுக்குக் காட்டும். அதே சமயத்தில் எம்ஐடியில் 'ரிங்கோ' இசைக்கு இதையே செய்தது. கொஞ்சம் யோசித்தால் இது நமக்கு அந்நியமான காரியமே இல்லை. நமது சிறுபத்திரிகை மரபில் புத்தகங்கள் பரவியது வேறெப்படி? ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரிடம் 'இதைப் படிங்க தோழர்' என்று தள்ளிவிட்டதுதானே. மதிப்பெண் போடுபவருக்குத் தான் போடுகிறோம் என்று தெரியும், எதற்காக என்றும் தெரியும்.

இரண்டாவது மூலம் கடையினுடையது. இணையத்தின் ஆரம்ப நாட்களில் கடைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் நீங்கள் யாரோ புது ஆள். கூடையில் போட்ட சாமானைக்கூட அதனால் நினைவில் வைக்க முடியாது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மாண்டுல்லி 1994ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னச் சீட்டை வைத்துவிட்டுப் போகும். அடுத்த தடவை நீங்கள் வரும்போது அந்தச் சீட்டைப் பார்த்து 'ஓ, அவரா' என்று அறிந்துகொள்ளும். 'குக்கி' என்று இதற்குப் பெயர். கூடையை ஞாபகம் வைக்கப் பிறந்த சீட்டு சீக்கிரமே ஆளை ஞாபகம் வைக்கும் சீட்டானது. இங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை. எதைப் பார்த்தீர்கள், எங்கே தயங்கினீர்கள், எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தீர்கள் என்பதெல்லாம் உங்களைக் கேட்காமலே குறிக்கப்பட்டது.

இரண்டு மூலங்களும் சந்தித்த இடம் அமேசான். 1995 ஜூலையில் புத்தகக்கடையாகத் திறந்த அந்நிறுவனம் ஆரம்பத்தில் விமர்சகர்களையும் ஆசிரியர்களையும் வேலைக்கு வைத்துப் பரிந்துரை எழுதச் செய்தது. பிறகு அந்த இடத்தை மெஷின் எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் எத்தனை பேரோ அத்தனை கடைகள் இருக்க வேண்டும் என்ற பொருளில் ஜெஃப் பெஸோஸ் அப்போது பேசினார். ஆனால் லட்சக்கணக்கான ஆட்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு உங்களைப் போன்றவரைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். எனவே ஆளை விட்டுவிட்டுப் பொருளை ஒப்பிட்டார்கள். இந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்ற அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிட்டால், நீங்கள் ஒன்றைத் தொட்ட கணத்தில் அதன் உறவுக்காரச் சரக்குகளை எடுத்து வைத்துவிடலாம். 1998ல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். அங்கே வேலை செய்த லிண்டன், ஸ்மித், யார்க் மூவரும் 2003ல் இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதியபோது அமேசானுக்கு 2 கோடியே 90 லட்சம் வாடிக்கையாளர்கள்.

இந்தத் தொழில்நுட்ப மாற்றத்தை நம்மவர்கள் யாரும் தத்துவார்த்தமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1990ல் தெல்யூஸ் எழுதிய சிறிய கட்டுரையில், கட்டுப்பாட்டுச் சமூகத்தில் தனிமனிதர் முழு ஆளாக இல்லாமல் பிரிக்கத்தக்க கூறுகளாகிவிடுகிறார் என்ற கருத்து வரும். கடைக்கு 'நான்' தேவையில்லை. என்னிடமிருந்து உதிரும் கூறுகள் போதும். மலிவுச் சட்டை ஒரு கூறு. அஞ்சல் குறியீட்டு எண் ஒரு கூறு. ராத்திரி பதினொரு மணி ஒரு கூறு. பழைய கடைக்காரருக்குத் தாத்தாவைத் தெரியும், சாதியோடு சேர்த்து. புதிய கடைக்கு என் சாதி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இது முன்னேற்றமா என்பதுதான் கேள்வி.

4

ஆதாரங்களைப் பார்ப்போம். 2000 செப்டம்பரில் அமேசான் டிவிடி விலைகளில் ஒரு சோதனை நடத்தியது. ஒரே டிவிடிக்கு ஆளாளுக்கு வேறு விலை. 'டைட்டஸ்' என்ற படத்தின் டிவிடியை 24.49 டாலருக்கு வாங்கிய ஒருவர், அடுத்த வாரம் பார்த்தபோது விலை 26.24 என்றிருந்தது. சந்தேகப்பட்டுத் தன் கம்ப்யூட்டரிலிருந்த குக்கிகளை அழித்துவிட்டுத் திரும்பப் போனார். விலை 22.74க்கு இறங்கியது. தெரிந்த ஆளுக்கு அதிக விலை, தெரியாத ஆளுக்குக் குறைந்த விலை! விலைகள் குருட்டாம்போக்கில் மாற்றப்பட்டவை, ஆள் பார்த்து அல்ல என்றது நிறுவனம். தவறு என்று ஒப்புக்கொண்டு ஏறக்குறைய 6,900 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பித் தந்தது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1852ல் ஒட்டிய விலைச்சீட்டைக் கிழிக்க முடியும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

2012ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நடத்திய ஆய்வில், அலுவலகப் பொருள்கள் விற்கும் ஸ்டேப்பிள்ஸ் தன் இணையக் கடையில் ஊருக்கு ஊர் வேறு விலை காட்டியது வெளிவந்தது. போட்டிக் கடை பக்கத்தில் இருக்கும் பகுதிகளுக்கு விலை குறைவு. கணக்கில் வருமானம் என்ற சொல்லே இல்லை. ஆனால் போட்டிக் கடைகள் இருந்தது பெரும்பாலும் வசதியான பகுதிகளில் என்பதால், விளைவில் ஏழைப் பகுதிகளுக்குக் கூடுதல் விலை வந்துசேர்ந்தது.

2016ல் 'புளூம்பெர்க்' இன்னொன்றைக் காட்டியது. அமேசானின் அன்றே கொண்டுவந்து தரும் சேவை பல அமெரிக்க நகரங்களில் கறுப்பர் அதிகம் வாழும் பகுதிகளைத் தவிர்த்திருந்தது. பாஸ்டன் நகரத்தில் சுற்றியுள்ள பகுதிகளுக்கெல்லாம் சேவை உண்டு, நடுவிலிருந்த ராக்ஸ்பரிக்கு மட்டும் இல்லை. இனத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை என்றது நிறுவனம். அது பொய்யென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் விஷயம் சுலபம். சந்தாதாரர் எங்கே அதிகம், கிடங்கு எவ்வளவு தூரம் என்ற 'நடுநிலையான' கூறுகளை மட்டும் வைத்துக் கூட்டியும் பழைய இனப் பிரிவினையின் வரைபடமே திரும்பவும் வரைந்துகொண்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் ராக்ஸ்பரிக்குச் சேவை நீட்டிக்கப்பட்டது. மாற்ற முடியாத இயற்கை விதி எதுவும் அங்கே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

விருப்பத்தைப் பதிவுசெய்வதே ஆபத்தாக முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரிந்துரைக் கணக்கை 10 விழுக்காடு மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006ல் போட்டி அறிவித்து, சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் படங்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. பெயர் இல்லாவிட்டாலும் ஒருவர் எந்தப் படங்களுக்கு எப்போது என்ன மதிப்பெண் போட்டார் என்பதிலிருந்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்று நாராயணன், ஷ்மாட்டிகாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். தன் பாலியல் விருப்பம் வெளியே தெரிந்துவிடும் என்று பெயரை வெளியிடாத ஒரு தாய் 2009ல் வழக்குப் போட்டார். திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி 2010ல் கைவிடப்பட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நான் என்ன பார்க்கிறேன் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

5

"எல்லாம் சரி, நீ சொல்றது பாதிதான்" என்றார் இந்தக் குறிப்புகளை வாசித்த தோழி ஒருவர். "டவுன்ல இருக்கிற எந்தப் புத்தகக்கடையில போய் நான் தலித் பெண் எழுத்து கேக்க முடியும்? அந்த மெஷின்தான் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எனக்கு எடுத்துக் காட்டிச்சு. அதுக்கு என்னப் பாத்து மொகஞ்சுளிக்கத் தெரியாது." இந்த எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். அவர் சொல்வது முதல் மூலத்தின் மிச்சம். முன்பின் தெரியாத வாசகிகளின் தேர்வுகள் ஒருவருக்கொருவர் கைமாறியதுதான் அவருக்குக் கிடைத்தது. கடை அதற்கு இடைத்தரகர் மட்டுமே. ஆகவே என் சண்டை பரிந்துரையோடு அல்ல. ஞாபகம் யார் கையில் இருக்கிறது, அதை யார் படிக்கலாம், யார் அழிக்கலாம் என்பதோடுதான்.

அல்தூஸர் 1970ல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையில், தெருவில் போலீஸ்காரர் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பவர் அந்தத் திரும்புதலிலேயே ஒரு தன்னிலையாக ஆகிவிடுகிறார் என்று விளக்குவார். 'உங்களுக்காக' என்று திரை கூப்பிடுவதும் இப்படியான ஒரு விளித்தல்தான். காட்டப்பட்டதிலிருந்து நான் ஒன்றை எடுக்கிறேன். நான் எடுத்ததை வைத்து அடுத்ததைக் காட்டுகிறது. கொஞ்ச நாளில் நான் மலிவுச் சட்டைக்காரனாகவே ஆகிவிடுகிறேன். தாத்தாவிடமாவது 'ஒனக்கெதுக்குடா இது' என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அதனால் அவருக்கு ரோஷம் வந்தது, சந்தைக்கு நடந்தார். எனக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை. காட்டப்படாத வாசனைச் சோப்புக்காக யார் மேல் கோபப்படுவது?

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் இருந்தால் போதும், ஆளைப் படித்துவிடலாம். அந்தச் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியிருந்தது. மெஷினுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் புரிய வேண்டும் என்பதில்லை. அந்தச் சொல் வரும் முகவரிகளுக்கு எந்தச் சரக்கு அதிகம் போகிறது என்று தெரிந்தால் போதும். இங்கே அப்படி நடக்கிறது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நடந்தால் கண்டுபிடிக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. நண்பரின் திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது தவிர எனக்கு வேறு ஆய்வுக்கருவி இருக்கவில்லை.

ஆகவே இத்தகைய கடையை வடிவமைப்பவர்களிடம், அவர்களில் நம் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்க வேண்டியவை எளிமையானவை. ஒன்று, என்னை அறியாத கடையாகவும் அது ஒரு பொத்தானில் மாற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி 2023 ஆகஸ்டிலிருந்து மிகப் பெரிய தளங்கள், ஆளைப் படிக்காத பரிந்துரை வரிசை ஒன்றையும் தர வேண்டியிருக்கிறது. இரண்டு, ஆளைப் பார்த்து விலை வைத்தால் அதை வெளிப்படையாக எழுதி ஒட்ட வேண்டும். நியூயார்க் மாநிலம் 2025ல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று, இதை எனக்கு ஏன் காட்டுகிறாய் என்று கேட்டால் பதில் வேண்டும். நான்கு, என்னைப் பற்றிய கணக்கு நோட்டை நான் பார்க்கவும் கிழிக்கவும் முடிய வேண்டும். பழைய பற்றுக் கணக்கு நோட்டைக்கூட அதில் பெயர் இருந்தவருக்குப் படிக்கத் தெரியாமல் இருந்ததால்தான் ஏமாற்ற முடிந்தது. நமக்குப் படிக்கத் தெரியும். நோட்டைத்தான் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

தாத்தா கடைசிவரை வாசனைச் சோப்பைச் சந்தையில்தான் வாங்கினார். ஊர்க்கடையிலும் பிற்பாடு கேட்டால் கொடுத்தார்கள், காலம் மாறியிருந்தது. "இங்கயே கெடைக்குதே தாத்தா, எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று நான் சின்னப் பையனாகக் கேட்டிருக்கிறேன். "அங்க வாங்குனா சோப்பு மட்டும்தான்யா வரும்" என்றார். இங்கே வாங்கினால் கூட வேறு என்ன வரும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.